பற்றும் வரவும்

தமிழில் 'பற்று' என்றொரு சொல் உண்டு. மனம் ஒன்றின்மேல் சென்று ஒட்டிக்கொள்வதும் பற்று. மளிகைக் கடைக்காரர் நம் பெயருக்கு நேரே எழுதி வைப்பதும் பற்று. 'கடன்' என்ற சொல்லும் அத்தகையதே. திருப்பித் தர வேண்டிய பணமும் கடன். ஆற்ற வேண்டிய கடமையும் கடன். நம் முன்னோர் சொற்களைச் சிக்கனமாகச் செலவிட்டவர்கள் போலும். ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருளை வைத்தவர்கள், அவ்விரண்டுக்கும் உள்ள உறவையும் சேர்த்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மனத்தின் பற்று எங்கே கரை மீறுகிறதோ அங்கே கணக்கேட்டின் பற்று ஏறுகிறது. பணக்கடன் பெருகப் பெருக, கடமை என்னும் கடனைத் தீர்க்கக் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகிறது.

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் நாங்கள் இவ்வுண்மையை ஏட்டில் படித்து அறிந்தோமில்லை. பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்களோடு வாரந்தோறும் லைன் வீடுகளுக்குச் செல்வது எங்கள் வழக்கம். நோயுற்றோரை விசாரிப்பதும், தனித்து வாழும் முதியோருக்கு இயன்றதைக் கொடுப்பதும் அந்தப் பயணத்தின் நோக்கம். பேச்சு முட்டுவலியில் தொடங்கலாம், பிள்ளையின் தேர்வில் தொடங்கலாம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "நாளைக்குத் தவணைக்காரர் வந்துருவாருங்க."

மலைவாழ்வுக்கு என்று ஒரு பணக்காலண்டர் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தோட்டங்களில் போனஸ் கிடைக்கும். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் அதற்கு 8.33 விழுக்காட்டைத் தாழ்ந்த அளவாகவும் 20 விழுக்காட்டை உயர்ந்த அளவாகவும் வகுத்தது. 8.33 விழுக்காடு என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஒரு மாதக் கூலி. ஆண்டு முழுவதும் நாட்கூலியாகச் சிறுகச் சிறுக வந்த பணம், ஒரே நாளில் ஒரு மாதத்தின் கனத்தோடு கையில் விழுகிறது. அன்று மாலையே சமவெளியிலிருந்து வேன்கள் மலையேறி வருகின்றன. பட்டுப்போல் மின்னும் புடவைகள், பாத்திரங்கள், கம்பளிகள், மிக்சிகள் எல்லாம் லைன் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. "எடுத்துக்கங்க அக்கா, பணம் எங்கே ஓடிப்போகப் போகுது? வாரா வாரம் கொடுத்தாப் போதும்" என்கிறார் வியாபாரி. அக்காவும் எடுத்துக்கொள்கிறார். கையில் உள்ள போனஸ் முன்பணமாகப் போகிறது. மீதி தவணையாக எழுதப்படுகிறது.

அடுத்து வருவது பனிக்காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி இறங்கும். செடி துளிர்க்கத் தயங்கும். கூடுதலாகப் பறிக்கும் கொழுந்துக்குக் கிடைக்கும் காசு குறையும். சிறுவிவசாயிக்கோ விற்க இலையே இராது. கை நிறைந்திருந்த மாதத்தில் வாங்கிய பொருளுக்கு, கை வறண்ட மாதத்தில் தவணை கட்ட வேண்டும். எப்படியோ அதைத் தாண்டினால் ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்தோடு காத்திருக்கும். ஆசை ஐப்பசியில் பிறக்கிறது; அதன் விலை தையிலும் மாசியிலும் தெரிகிறது. இடையில் உள்ள இந்த மாதங்களின் தூரத்தை வாங்குகிற நேரத்தில் கண் காண்பதில்லை.

தோட்ட வாழ்வின் வரலாறே முன்பணத்தில் தொடங்கியதுதான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. வறண்ட ஊர்களிலிருந்து மக்களை மலைக்குத் திரட்டி வந்த கங்காணிகளும் மேஸ்திரிகளும் முதலில் நீட்டியது முன்பணம். அதைக் கழித்து முடிக்கும் வரை ஆள் நகரக்கூடாது என்பது நடைமுறை. 1903-ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அந்தப் பிடிக்கு அரசின் வலிமையையும் சேர்த்தது. இலங்கையில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. ஒரு தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சிறு காகிதமே துண்டு. அந்தக் கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கு அவரும் போவார். காகிதத்தில் எழுதிய தொகைதான் மனிதரின் போக்குவரத்தைத் தீர்மானித்தது. 1921-இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1964-இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பியவர்களில் பலர் நீலகிரிக்கு வந்தனர். அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் உருவாயின. அவையே இன்றைய 'டான்டீ'. அவ்வழி வந்த முதியவர்கள் சிலரோடு பேசியிருக்கிறோம். தங்கள் பாட்டனார் காலத்துத் துண்டைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்கும்போது ஒரு கேள்வி எழும். கங்காணி போய்விட்டார், துண்டு போய்விட்டது. ஆயினும் லைன் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் தவணை அட்டைகள் வேறு எவை? அன்று பசியால் கட்டுண்டார்கள். இன்று வாசலுக்கு வரும் பளபளப்பால் கட்டுண்கிறோம். கயிறு மாறியிருக்கிறது, கட்டு மாறவில்லை.

இது கூலித் தொழிலாளரின் கதை மட்டும் என்று எவரும் எண்ண வேண்டாம். 1998-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்தது. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருந்தவர்கள் வீட்டுக்கு மாடி எழுப்பினார்கள், வண்டி வாங்கினார்கள், திருமணங்களைப் பெரிதாக நடத்தினார்கள். இந்த விலை என்றும் நிற்கும் என்ற நம்பிக்கையில் வங்கியிலும் வெளியிலும் கடன் எழுந்தது. 2000-ஆம் ஆண்டுக்குள் விலை சரிந்து ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. பறிகூலிக்கே கட்டாத நிலையில் இலை செடியிலேயே முற்றியது. போராட்டங்களும் கடையடைப்புகளும் மலையை உலுக்கின. விலை வீழ்ச்சிக்குச் சிறுவிவசாயி காரணமல்லர். உலகச் சந்தையின் அலை அது. ஆயினும் ஓர் உண்மையை அந்த ஆண்டுகள் எங்களுக்குக் கற்றுத் தந்தன. நல்ல விலை வந்த காலத்தில் ஒன்றிரண்டு பருவத்துக்கானதை ஒதுக்கி வைத்த வீடுகள் தள்ளாடின, ஆனால் விழவில்லை. உயர்ந்த விலையையே நிலையான வருவாய் என்று கொண்டு தவணை ஏற்ற வீடுகள் நிலத்தை இழந்தன. இரண்டு வீடுகளிலும் விளைந்தது ஒரே இலைதான்.

வள்ளுவர் இக்கருத்தை எங்கே வைத்தார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வரவு சிறிதானாலும் செலவு அகலாதிருந்தால் கேடில்லை என்னும் பொருளை அவர் பேசுவது, அரசன் தன் வலிமையையும் பகைவன் வலிமையையும் எடைபோடச் சொல்லும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில். மென்மையான மயிலிறகாயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உவமையும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. தன் அளவை அறிவது சிக்கனம் மட்டுமன்று, அது வலிமை என்பது அவர் கண்ட உண்மை.

நம் வண்டியில் ஏறும் மயிலிறகுகள் எத்தனை! நாற்பது ரூபாய் ஒரு பொருளா? கடைவீதியில் நின்றபடி நாளொன்றுக்கு நாற்பது ரூபாயைத் தேவையில்லாத ஒன்றுக்குக் கொடுத்தால், ஆண்டில் அது 14,600 ரூபாய். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் கடனை எடுத்துக்கொள்வோம். 1,500 ரூபாயை முன்பே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். 'நூற்றுக்குப் பதினைந்துதானே' என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 முழுவதும் நம் கையில் நூறு நாள் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே அது கரையத் தொடங்குகிறது. கணக்கை ஒழுங்காகப் போட்டால் வட்டி ஆண்டுக்கு நூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. 2003-இல் தமிழக அரசு கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் இயற்றியபோது நாள்வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. காரணம் இல்லாமலா?

இன்று சந்தை வேனில் வருவதோடு நிற்கவில்லை; கைப்பேசிக்குள்ளேயே குடியேறிவிட்டது. மேகம் இறங்கி, ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிட்டு அடுப்போரம் ஒடுங்கும் மலை மாலைகளில் கையில் அந்த ஒளித்திரை மட்டும் விழித்திருக்கிறது. 'இன்னும் இரண்டு மணி நேரம்தான்', 'மூன்றே மூன்று மீதி' என்று அது அவசரப்படுத்துகிறது. பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது விரல்களுக்கு ஒரு வலி உண்டு. அந்த வலியே நமக்குக் காவல். விரலால் ஒரு முறை தொட்டாலே பணம் போய்விடும் என்ற வசதி அந்தக் காவலை நீக்கிவிட்டது. பணம் இல்லையா? 'பிறகு கொடுக்கலாம்' என்ற பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது.

வாங்குகிறவரைப் பேராசைக்காரர் என்று ஏசிவிடுவது எளிது. நாங்கள் பார்த்த வீடுகளில் பேராசையை அதிகம் காணவில்லை. நாள் முழுதும் முதுகில் கூடையோடு சரிவில் நின்ற தாய், 'என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை?' என்ற ஏக்கத்தில் வாங்குகிறார். பக்கத்து வீட்டில் வந்துவிட்டதே என்ற கூச்சத்தில் தந்தை வாங்குகிறார். வேலைக்காகத் திருப்பூருக்கோ கோவைக்கோ போன மகன், விடுமுறையில் வரும்போது வெறுங்கையோடு வரக்கூடாதே என்று வாங்குகிறான். கோடைக் காலத்தில் உதகைக்கு வரும் பயணிகளைப் பாருங்கள். மலர்க் கண்காட்சி பார்த்துத் திரும்புமுன் தைலமும் வர்க்கியும் சாக்லேட்டும் ஊருக்குப் போனால் அணியவே முடியாத தடித்த கம்பளியும் வாங்கிக் குவிக்கிறார்கள். பொருளையா வாங்குகிறார்கள்? ஒரு மகிழ்ச்சியான நாளைக் கையோடு எடுத்துச் செல்ல முயல்கிறார்கள். ஏக்கமும் கூச்சமும் அன்பும் குற்றங்கள் அல்ல. அவற்றுக்குப் பொருள் மருந்தாகாது என்பதே சிக்கல்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991-இல் வெளியிட்ட 'நூறாம் ஆண்டு' என்னும் சுற்றுமடலில் நுகர்வு வெறியைப் பற்றிப் பேசும்போது, நன்றாக வாழ விரும்புவதை அவர் கண்டிக்கவில்லை. எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதைக் கொண்டு நாம் யார் என்பதை அளக்கும் வாழ்க்கை முறையையே கண்டித்தார். இந்த வேறுபாடு முக்கியமானது. ஏழைக்கு மிக்சி எதற்கு என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. அரைகல்லில் தோள் நொந்தவருக்கு அது தேவைதான். அது வீட்டுக்குள் வரும் வழி எது என்பதே கேள்வி.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. கணவனும் மனைவியும் தோட்டத் தொழிலாளர்கள். மகள் செவிலியர் படிப்புக்கு இடம் பெற்றாள். சேர்க்கைக் கட்டணத்துக்காக அந்தத் தாய் தம் தோட்டைக் கழற்ற எண்ணியபோது, அது ஏற்கெனவே அடகில் இருந்தது. கட்டணம் கட்ட வேண்டிய நாள் கடந்தது. இடம் போயிற்று. அந்த இரவுக்குப் பிறகு அவர்கள் எங்களை அழைத்தார்கள். பழைய காலண்டர்த் தாளின் பின்புறத்தில் எல்லாக் கடன்களையும் எழுதச் சொன்னோம். எட்டு இடங்கள். சோபா, கைப்பேசி, புடவைகள், பெரிய தொலைக்காட்சி, அவற்றின் தவணையைக் கட்டுவதற்காக வாங்கிய நுண்கடன் இரண்டு, அதைக் கட்ட ஒரு தண்டல், அடகு. தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரியதன்று. கூட்டிப் பார்த்தபோது இருவர் கூலியில் பாதிக்கு மேல் தவணைக்கே போயிற்று. 2022-இல் இந்திய ரிசர்வ் வங்கி நுண்கடன்களுக்கு வகுத்த விதி, ஒரு குடும்பத்தின் மாத வருவாயில் பாதிக்கு மேல் கடன் தவணைகளுக்குப் போகக்கூடாது என்று வரம்பு கட்டுகிறது. ஆனால் அட்டையில் எழுதும் தவணையும் தண்டலும் எந்த வங்கியின் கணக்கில் ஏறும்?

அந்தத் தாள் அவர்களைக் காப்பாற்றியது. கூட்டல் போடாத கடன் இருட்டில் நிற்கும் யானை. எத்தனை பெரியது என்று தெரிந்தபின் அச்சம் பாதியாகக் குறைகிறது. வட்டி மிகுந்த தண்டலை முதலில் அடைத்தார்கள். சோபாவை விற்றார்கள். "அதுல உக்கார நேரம் எங்கேங்க இருந்துச்சு?" என்று அந்த அம்மா சிரித்ததை மறக்க முடியாது. அவர் சேர்ந்திருந்த மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று அடகை மீட்டார். அவ்வாண்டுப் போனஸ் வந்தபோது வேன்காரர் வந்தார், வெறுங்கையோடு போனார். மகள் ஓராண்டு பிந்திக் கல்லூரியில் சேர்ந்தாள். அந்த ஓராண்டை எவரும் திருப்பித் தரப் போவதில்லை. ஆயினும் சேர்ந்தாள்.

சுய உதவிக் குழுக்கள் தமிழகத்தில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி அவற்றை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் எளியோருக்குக் குறைந்த வட்டியில் கடன் என்ற எண்ணம் திருச்சபைக்குப் புதிதன்று. 1462-இல் இத்தாலியின் பெரூஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியர் ஓர் அடகு நிலையம் நிறுவினர். கொடிய வட்டியிலிருந்து ஏழைகளை மீட்பதே அதன் நோக்கம். நிலையத்தை நடத்தும் செலவுக்கு மட்டும் ஒரு சிறு தொகை பெற்றார்கள். அதுவும் வட்டியல்லவா என்று வாதங்கள் எழுந்தன. 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் அம்முறையை ஏற்றது. அந்நிலையங்களுக்கு அவர்கள் இட்ட பெயர் 'இரக்கத்தின் மலை' என்று பொருள்படும். மலையில் வாழும் நமக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்! அன்பியக் கூட்டங்களில் செபத்துக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி, ஜூன் மாதக் கட்டணத்துக்கென்று அனைவரும் வாரம் ஒரு தொகை சேர்த்தால், அந்த மலையின் ஒரு சிறு குன்றாவது நம் பங்குகளில் எழாதா?

எங்கள் வீட்டில் நாங்கள் கைக்கொள்ளும் வழக்கங்கள் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். முதலாவது, 'ஒரு சந்தை பொறுத்தல்'. எங்கள் வீட்டு மூத்தவர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. சந்தையில் ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டால் அன்று வாங்குவதில்லை. அடுத்த சந்தைக்கும் அது நினைவில் இருந்தால் வாங்கலாம். நினைவில் நிற்பவை மிகச் சிலவே. இரண்டாவது, சீட்டு எழுதாமல் கடைக்குப் போவதில்லை. மூன்றாவது, போனஸ் பணத்தைக் கடைவீதி பார்க்குமுன் மூன்றாகப் பிரிப்பது: பழைய கடனுக்கு ஒன்று, ஜூன் மாதத்துக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று. பண்டிகைப் பங்கைக் குற்ற உணர்வின்றி மகிழ்ச்சியாகச் செலவிடுகிறோம். நான்காவது, கைப்பேசிக் கடைகளில் வங்கி அட்டையின் எண்ணைச் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து போய் அட்டையை எடுத்து வரும் அந்த இரண்டு நிமிடத்தில் பல ஆசைகள் தணிந்துவிடுகின்றன. ஐந்தாவது, இரவில் கணக்கு எழுதுவது. பிள்ளைகளும் அதைப் பார்க்கலாம். வீட்டின் வருவாய் தெரிந்த பிள்ளை பிடிவாதம் பிடிப்பதில்லை. தெரியாத பிள்ளையே பெற்றோரைக் கருமி என்று எண்ணுகிறது.

கோபுரம் கட்ட விரும்பும் ஒருவரைப் பற்றி ஆண்டவர் இயேசு சொன்ன உவமை லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் வருகிறது. சீடராவதன் விலையைப் பற்றிச் சொன்ன உவமை அது. ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு வீட்டுக் கணக்கை. அதில் எங்களைத் தொடுவது ஒரு சிறு வினை. செலவைக் கணக்கிடுமுன் அந்த மனிதர் முதலில் உட்காருகிறார். எண்ணிப் பார்த்தால், தேவையற்றவை எல்லாம் நாம் நின்றுகொண்டு வாங்கியவையே: கடை வாசலில் நின்று, வேன் அருகே நின்று, கூட்டத்தில் நின்று. இப்போது படுத்தபடியும் வாங்குகிறோம். உட்கார்ந்து வாங்கியவை மிகக் குறைவு.

வரும் தீபாவளிக்கும் போனஸ் வரும். வேன்களும் மலையேறி வரும். அவை வருமுன் கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாக ஒரு தாளும் எழுதுகோலும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவோம். வரவை ஒரு பக்கமும் பற்றை மறுபக்கமும் எழுதுவோம். எழுதி முடித்தபின் கடைத்தெருவுக்குப் போகலாம். அப்போது நமக்கு எது வேண்டும் என்பதைச் சொல்லப் போவது வியாபாரி அல்லர், நாமே.